தகப்பன் பேர் தெரியாட்டிப் பணிப்பாளர்

றொமேஸ் அத்தான், இதை அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. ஆனா முதல்ல நீங்க தனிய இருந்து முழுக்கப் பாருங்கோ. காணி உறுதிப் பத்திரத்தை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ. என்ர பழைய கந்தோரில இருந்து ஜீப்பில வந்து கேட்டவையாம், திங்கக்கிழமை திரும்பி வருவினமாம் எண்டு அக்கா சொன்னவா. நேற்றையில இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல. வாசல் படலையில நிண்டு கதைக்கப்போறது நீங்கதான். அம்மா கதைச்சா அழுவா, அக்கா கதைச்சா அடிப்பா.

நீங்க போன மாசிதான் எங்கட வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்தனீங்கள். உங்களுக்கு இந்தக் கதை ஒழுங்காத் தெரியாது. ஸ்கந்தபுரத்தில ஆரையும் கேட்டா, "சுதாகரனோ? ஆயிரக்கணக்கான பிள்ளையளைக் கைவிட்டிட்டு வெளிநாட்டுக்கு ஓடினவன்" எண்டு சொல்லுவாங்கள். அது பொய். ஒரே ஒரு நாள்தான் நான் அதுகளுக்குத் தகப்பனா இருந்தனான். அந்த ஒரு நாளும் ஒழுங்காத்தான் பாத்தனான்.

கோழித் தொழிற்சாலையில குளிருக்குக் கை விறைச்சுப் போச்சு, எழுத ஏலாது. வாயால சொல்லுறன், போன் எழுதுது. பிழையா விழுந்தா ஊகிச்சு வாசியுங்கோ.

கிளிநொச்சியில வன்னி ஆவண மாற்று அதிகார சபை எண்டு ஒரு கந்தோர் திறந்தவை. எங்கட சனத்தின்ர பேப்பருகள் எப்பிடிப்பட்டது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்கருக்குப் பக்கத்தில தாட்டு எடுத்தது, கடல் தண்ணி குடிச்சது, சொப்பிங் பாக்கோட இடம் இடமாய் இழுபட்டது. அதுகளைப் படம் பிடிச்சு, எழுத்தை வாசிச்சு, எல்லாத்தையும் ஒரே மாதிரிப் புதுப் பத்திரமா மாத்தி எடுக்கிற மென்பொருள் செய்யத்தான் என்னை ஒப்பந்தத்தில எடுத்தவை.

அதில முக்கியமான சாமான் ஒண்டு இருக்கு, டிபோல்ட் எண்டு சொல்லுறது. நீங்க வள்ளத்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினா அது நியூட்ரல்ல நிக்கும்தானே? தானா ரிவேர்ஸில ஓடிப்போய் பின்னால நிக்கிறவனை இடிக்காது. அதுதான் டிபோல்ட். ஒருத்தரும் ஒண்டையும் தொடாட்டி மெசின் என்ன செய்யும் எண்டதை முன்னமே யோசிச்சு வைக்கிறது. நான் யோசிச்சு வைச்சது இவ்வளவுதான்: எழுத்து விளங்காட்டி அந்தக் கட்டத்தை வெறுமையா விடு, மஞ்சள் நிறம் காட்டு, அடுத்ததுக்குப் போ. பிறகு ஒரு மனுசன் வந்து பாத்து நிரப்பட்டும். வேற மாதிரி வேணும் எண்டா மாத்திறதுக்கு ஒரு பட்டனும் வைச்சிருந்தன். கந்தோருக்குக் கந்தோர் தேவை வேறதானே.

ஸ்கானர் வந்த அண்டைக்கு அதுக்குப் பூசை. நிறைகுடம், குத்துவிளக்கு, தேங்காய், எல்லாம் புதுப் பஸ்ஸுக்குச் செய்யிற மாதிரி. எலுமிச்சம்பழம் நசிக்க டயர் இல்லை எண்டு போட்டு, பணிப்பாளர் கதிர்காமநாதன் சேரைக் கதிரையில இருத்தி, அந்தக் கதிரைச் சில்லுக்குக் கீழ வைச்சு உருட்டி நசிச்சவை. பிறகு ஐயர் ஸ்கானர் மூடியைத் திறந்து, கண்ணாடி மூலையில சந்தனம் வைச்சு, அதுக்கு மேல குங்குமமும் வைச்சார். நான் துணியோட போனன். பணிப்பாளர் என்ர கையைப் பிடிச்சிட்டார்.

"தம்பி, நீர் என்ன மங்கலத்தை அழிக்கிறீர்?"

"சேர், அது எல்லாப் பேப்பரிலையும் விழும்."

"விழட்டுமே. நல்லதுதானே விழுது."

விழுந்தது. வெளிய போன ஒவ்வொரு பத்திரத்திலையும் மூலையில ஒரு சிவப்புப் பொட்டு. கொஞ்ச நாளையால சுற்றறிக்கை வந்தது: சபையின்ர உண்மையான பத்திரங்கள் எல்லாத்திலையும் சிவப்புப் பொட்டுக் காணப்படுறதால, பொட்டில்லாத பத்திரங்கள் போலியாகக் கருதப்படும். அடுத்த கிழமை வாசலில ஒருத்தர் குடை விரிச்சுக்கொண்டு சந்தனக் கிண்ணத்தோட இருந்தார். பழைய பத்திரத்துக்குப் பொட்டு வைச்சுக் குடுக்கிறார்.

உங்கட ஊர்ப் பக்கம், கொக்கிளாயில இருந்து சூசைப்பிள்ளை எண்டு ஒரு ஐயா வந்தவர். களங்கட்டித் தொழில், களப்பில வலை அடைச்சு இறால் பிடிக்கிறவர். எழுபது தாண்டின மனுசன். பிரதிப் பணிப்பாளர் பிரஷாந்தினி மிஸ்ஸிட்ட வந்து நிண்டார்.

"பிள்ளை, நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போற ஆக்கள். என்ர பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கும் பொட்டு வைக்க வேணுமோ?"

"ஐயா, இது சமயம் இல்லை. தரக் கட்டுப்பாடு."

"அப்ப என்ர மனுசியின்ர இறப்புப் பத்திரத்துக்கும் வைக்கட்டோ?"

மிஸ் பேனையைக் கீழ வைச்சிட்டா. செத்தவையின்ர பத்திரத்துக்கு மங்கலப் பொட்டு வைக்கலாமோ எண்டு அவவுக்குச் சந்தேகம். மேலிடத்துக்குக் கடிதம் எழுதினா. பதில் வரும்வரைக்கும் இறந்தவர்கள் பொறுமை காக்க வேணும் எண்டு அறிவித்தல் பலகையில ஒட்டினவை.

இதெல்லாம் பகிடி எண்டு நான் அப்ப நினைச்சன். பகிடி முடிஞ்சது டிபோல்ட் நிர்ணயக் குழு கூடின அண்டைக்கு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாட்டி என்ன நடக்கும் எண்டதைத் தீர்மானிக்கிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில ஒருத்தரும் ஒண்டும் சொல்லாம இருக்கேல்ல. றோல்சும் பற்றீசும் முடிஞ்சு, திரும்பக் கடைக்கு ஆள் அனுப்பினவை.

நான் எழும்பி, விளங்காத கட்டத்தை வெறுமையா விடுவம் எண்டு சொன்னன்.

"வெறுமையோ?" பணிப்பாளர் என்னைப் பாத்தார், நான் சாமி அறைக்குள்ள செருப்போட நிக்கிற மாதிரி. "அரச ஆவணத்தில வெறும் கட்டமோ? அதைப் பாத்தா சனம் என்ன நினைக்கும்? இந்தக் கந்தோருக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைக்கும். தம்பி, எங்களுக்குத் தெரியாதது இருக்கலாம். அது வெளிய தெரியக் கூடாது."

"தெரியாது எண்டே போடுவமே, சேர்?"

"தெரியாது எண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதுக்கு அமைச்சில அனுமதி எடுக்க வேணும்."

தகப்பன் பேர்க் கட்டத்தில சிக்கல் வந்தது. கனபேரின்ர பத்திரத்தில அந்த இடம்தான் மடிப்பில கிழிஞ்சு போயிருக்கும். திறப்பு விழாவில காட்டுறதுக்கு மாதிரிக்கு ஒரு பேரைப் போடுவம் எண்டா பிரஷாந்தினி மிஸ். ஆரின்ர பேர்? தலைமைக் கிளாக்கர் முத்துலிங்கம் ஐயா, முப்பது வருசமா ஒரு கடதாசியிலையும் முழுக் கையெழுத்து வைக்காதவர், மெல்லமா இருமினார். "கீழ இருக்கிற ஆக்களின்ர பேர் திரையில வர, சேர் பாத்துக்கொண்டிருக்கிறது மரியாதை இல்லை."

பணிப்பாளர், "ஐயோ, என்ர பேர் வேண்டாம், வேண்டாம்" எண்டு சொல்லிக்கொண்டே தன்ர முதலெழுத்து எப்பிடி வர வேணும் எண்டு துண்டில எழுதித் தந்தார்.

"சேர் மாற்றலாகிப் போனா?" எண்டு கேட்டன். விழா முடிய அந்தப் பேரை எடுத்திடலாம் எண்டு அவையாச் சொல்லுவினம் எண்ட நம்பிக்கையில கேட்டது.

முத்துலிங்கம் ஐயா திரும்ப இருமினார். "ஆள் மாறும், பதவி மாறாது. கைரேகை மெசினோட கட்டிவிடும். காலமை ஆர் பணிப்பாளரா விரல் வைக்கினமோ, அவற்ற பேர் பழைய பதிவு எல்லாத்திலையும் தானா விழட்டும். அவர் லீவெண்டா, வந்த ஆக்களில அடுத்த படியில இருக்கிறவற்ற பேர்."

"இதுதான் மாற்றத்துக்கு இசைவான மென்பொருள்!" எண்டு பிரஷாந்தினி மிஸ் மேசையில தட்டினா. திட்ட அறிக்கையில அந்தச் சொல்லு இருந்தது. அது எங்க வரப்போகுது எண்டு அவா கனநாளாத் தேடிக்கொண்டிருந்தவா.

பிறகு என்ர பட்டனை எடுக்கச் சொல்லிச்சினம். அதிகாரிகளுக்கு ஏத்தமாதிரி மென்பொருள் இசையும், மென்பொருளுக்கு ஏத்தமாதிரிச் சனம் இசைய வேணும் எண்டு தீர்மானம். காணிக்காரர் செத்துப்போனா ஆருக்கு உரிமை எண்டதுக்கும் ஒரு டிபோல்ட் வைச்சவை: உயிரோட இருக்கிற ஆக்களில மூத்தவருக்கு. பிள்ளைக்குத்தானே வர வேணும் எண்டு கேட்டன். "பெரியவர் இருக்க சின்னனுக்குக் குடுக்கிறதோ? நீர் எந்த ஊர்?" எண்டு கேட்டவை. நான் திரும்பக் கதிரையில இருந்திட்டன்.

அத்தான், அண்டைக்கு நான் எழும்பி நிண்டு சத்தம் போட்டிருக்க வேணும் எண்டு அக்கா சொல்லுவா. ஒப்பந்த ஊழியன் சத்தம் போட்டா அடுத்த மாசம் ஒப்பந்தம் இல்லை. அம்மாவின்ர பிரசர் மருந்துக் குளிசையை ஆர் வாங்கிறது?

திறப்பு விழா முடிஞ்சு வன்னி முழுக்க இருந்து பேப்பர் வந்தது. மெசின் இராப்பகலா ஓடினது. தகப்பன் பேர் விளங்காத அத்தினை பேருக்கும் கதிர்காமநாதன் சேர் தகப்பனானார். பூவரசங்குளத்தில ஒரு பள்ளிக்கூடத்தில அரைவாசி வகுப்பு அவற்ற பிள்ளையள். சூசைப்பிள்ளை ஐயா அவரைவிடப் பதினேழு வயசு மூத்த மகன்.

நான் ஓடிப்போய்ப் பணிப்பாளரிட்டச் சொன்னன், சேர், பெரிய பிழை நடந்திட்டுது எண்டு. அவர் கண் கலங்கிப் போனார்.

"பிழையோ? தம்பி, நான் இந்த மாவட்டத்துக்கு ஒரு தகப்பன் மாதிரி எண்டு எத்தினை மேடையில சொன்னனான். ஒருத்தரும் கை தட்டினதில்லை. இப்ப ஆவணமே சொல்லுது. நீர் அதைப் பிழை எண்டுறீர்."

சந்தியில பதாகை கட்டினவை. அவற்ற படத்துக்குக் கீழ "அனைவருக்கும் தந்தை, ஆவணபூர்வமாக".

திருத்த வேணும் எண்டு வந்த ஆக்களுக்கு ஒரு வழி வைச்சவை. இவர் என்ர தகப்பன் இல்லை எண்டு எழுதி, அதில தகப்பன்ர சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வர வேணும். தகப்பன் ஆர்? பதிவில உள்ளவர்தான். பணிப்பாளர் கையெழுத்து வைக்க மறுத்திட்டார். பெத்த பிள்ளையை இல்லை எண்டு சொல்லுறது அரச ஊழியருக்கு ஒழுக்கக்கேடு எண்டு விதிக்கோவையில இருக்காம்.

சனம் என்ன செய்யும்? இசைஞ்சு போச்சு. சூசைப்பிள்ளை ஐயா ஒரு பை இறாலோட வந்தார். "அப்பா, களப்பு இறால். வெந்தயம் போட்டு வையுங்கோ" எண்டு மேசையில வைச்சார். வைச்சிட்டுப் போகேல்ல, கதிரையை இழுத்து இருந்தார். "அப்பா, வலை எல்லாம் பிஞ்சு போச்சு. தகப்பன் எண்டு இருக்கிறவர்தானே வாங்கித் தர வேணும்?" எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு வரிசை வைச்சது. ஒருத்தி சீதனம் கேட்டு வந்தாள். பொலிசில இருந்து போன் வந்தது, உங்கட மகன் குடிச்சிட்டு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில நிண்டு பாட்டுப் பாடுறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு. மகனுக்கு வயசு அறுபத்திரண்டு.

இப்ப எங்கட காணிக்கு வாறன்.

அந்தக் காணி அம்மப்பா வீரபாகுவுக்கு அரசாங்கம் குடுத்த பெர்மிட்டில உள்ளது எண்டு அக்கா சொல்லியிருப்பா. அவர் தேயிலைத் தோட்டத்தில இருந்து எழுபத்தேழுக் கலவரத்தில ஓடி வந்து, காடு வெட்டி, கிணறு கிண்டி எடுத்த காணி. பெர்மிட் எழுதின கிளாக்கர் தகப்பன் பேரைக் கேக்கவே இல்லை. கட்டம் வெறுமை. மெசின் வாசிச்சுது, நிரப்பினது. வீரபாகுவின்ர தகப்பன் கதிர்காமநாதன். வீரபாகு செத்துப் போனார். உயிரோட இருக்கிற மூத்தவர் ஆர்? கதிர்காமநாதன்.

ஒரு நாள் காலமை சர்வேயர் வந்து அம்மாவின்ர கச்சான் கடலைப் பாத்திக்கு நடுவில கம்பு நட்டார். அம்மா அப்பிடியே பஸ் ஏறிக் கந்தோருக்கு வந்திட்டா. மகன் அங்கதானே வேலை எண்ட நம்பிக்கை. நான் அவவைப் பணிப்பாளரிட்டக் கூட்டிக்கொண்டு போனன்.

"ஐயா, வீரபாகு எங்க அப்பாங்க. நான்தான் ஒரே மக, சிவலட்சுமி."

பணிப்பாளர் திரையைப் பாத்தார். "அப்பிடியெண்டா நீங்க எனக்குப் பேத்தி."

"எனக்கு அறுபத்தொரு வயசுங்க."

"வயசு வேற, ஆவணம் வேற."

"காணி எனக்குத்தானுங்களே?"

"பாட்டன் இருக்கேக்க பேத்தி காணி கேக்கிறது எங்கட பண்பாடு இல்லை, பிள்ளை." குரல் உண்மையாவே பாசமா இருந்தது, அதுதான் பயம். "நான் எனக்கெண்டு எடுக்கேல்ல. பதவிக்கு வருது. பதவிக்கு ஒரு விடுதி தேவை. கிணத்தில நல்ல தண்ணி எண்டு சர்வேயர் சொன்னவர். நீங்க ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. விடுதிக்குச் சமைக்க ஆள் எடுப்பம்."

அம்மா என்னைப் பாத்தா. நான் அவவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனன்.

திரும்பிப் போற பஸ்ஸில அம்மா அழேல்ல. "அவரோட அப்பா பேரு எனக்கே தெரியாதுடா" எண்டா. "தெரிஞ்சா எழுதிக் குடுத்திருக்கலாம். தோட்டத்துல கங்காணிமாரு நம்பரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம். அப்பா அவரு பேர ஒரு நாளும் சொல்லல. நானும் கேக்கல. எல்லாத்துக்கும் ஒரு பேரு வேணுமுன்னு யாருக்குடா தெரியும்?"

உறுதி குடுக்கிறதுக்குக் கடைசி நாள் ஒண்டு இருந்தது. அந்த நாளுக்குள்ள உரிமைக்காரர் கையெழுத்து வைச்சு எடுக்க வேணும், இல்லாட்டிக் காணி அரசாங்கத்துக்குத் திரும்பிப் போயிடும். பணிப்பாளர் அவசரப்படேல்ல. எல்லாக் காணியையும் தானே தன்னட்ட இருந்து வாங்கிற விழாவை அந்தக் கடைசி நாளுக்குத்தான் வைச்சிருந்தார். மேடையில இந்தப் பக்கம் நிண்டு குடுத்து, ஓடிப்போய் அந்தப் பக்கம் நிண்டு வாங்க வேணும். ரெண்டு தரம் ஒத்திகையும் பாத்தவர். மூச்சு வாங்கினதால மாலையைக் குறைக்கச் சொன்னவர்.

விழாவுக்கு முதல் நாள் அவற்ற மனுசி அருந்ததி அக்கா கந்தோருக்குள்ள வந்தா. கையில ஆரோ ஒரு பிள்ளையின்ர கலியாணக் கார்ட். நான் பக்கத்தில வயர் பூட்டிக்கொண்டு நிண்டனான், எல்லாம் கேட்டது.

"இதென்னப்பா இது? கதிர்காமநாதன், மேரி யோசப்பின் தம்பதிகளின் மகள்! ஆரிந்த மேரி யோசப்பின்?"

"அது டிபோல்ட், அருந்ததி."

"எனக்கு அவளின்ர பட்டப்பேர் வேண்டாம். எந்த ஊர்க்காரி?"

"ஐயோ, எனக்கு ஒரு தொடர்பும் இல்லை. கதிரைக்குத்தான் தொடர்பு."

"அப்ப கதிரையை விட்டு எழும்புங்கோ. நாளைக்கு நீங்க இதில இருந்தா, நான் வவுனியாவுக்கு அம்மா வீட்டை போறன்."

அதே நேரம் தபால்காரர் நீதிமன்றக் கடிதம் ஒண்டு கொண்டுவந்தார். பராமரிப்பு வழக்கு. ஒண்டில்லை, கட்டோட. பணிப்பாளர் எல்லாத்தையும் பாத்தார், பதாகையில சிரிச்சுக்கொண்டு நிக்கிற தன்ர படத்தை யன்னலுக்கால பாத்தார், லீவு எழுதிப்போட்டு மனுசிக்குப் பின்னால போயிட்டார்.

அவர் லீவெண்டா அடுத்தது பிரஷாந்தினி மிஸ். அவவுக்கு அப்பதான் கலியாணம் பேசிக்கொண்டிருந்தவை. "மாப்பிள்ளை வீட்டார் விசாரிச்சா, பொம்பிளை ஆயிரக்கணக்கான பேருக்குத் தகப்பன் எண்டு வருமே!" எண்டு தலையில கை வைச்சா. காய்ச்சல் எண்டு லீவு. அடுத்தது முத்துலிங்கம் ஐயா. அவருக்கு இருமல் எண்டு லீவு. அது முப்பது வருசமா இருக்கிற இருமல். அவருக்குக் கீழ கிளாக்கர்மார், ட்ரைவர், பியோன், எல்லாரும் ஒவ்வொரு படியா லீவு. அவையெல்லாம் நிரந்தர ஊழியர். ஒப்பந்த ஊழியனுக்கு லீவு இல்லை.

அடுத்த நாள் காலமை கந்தோரில நான் தனிய. வாசலில சனம் நிறைஞ்சு போய் நிக்குது. விரல் வைக்காட்டி அரை நாள் சம்பளம் வெட்டு எண்ட பழக்கத்தில போய் விரலை வைச்சன்.

"வணக்கம், பணிப்பாளர் அவர்களே" எண்டுது மெசின்.

ஓடிப்போய்க் கக்கூசுக்குள்ள இருந்தன். கதவைப் பூட்டிப்போட்டு யோசிச்சன். நான் பணிப்பாளர் எண்டா, பேர் தெரியாத தகப்பன் எல்லாம் நான். வீரபாகுவின்ர தகப்பனும் நான். அப்ப எங்கட காணிக்கு உரிமைக்காரன் இண்டைக்கு நான். நாளைக்கு இல்லை. நான் என்ர பூட்டன், அத்தான். இருபத்தாறு வயசு.

வெளிய வந்து கதவைத் திறந்தன். முதல் ஆள் சூசைப்பிள்ளை ஐயா.

"தம்பி, இண்டைக்கு ஆர் அப்பா?"

"நான்தான், ஐயா."

"நல்லது. முந்தின அப்பா இறாலை வாங்கிப்போட்டுக் கதவைச் சாத்தினவர். நீ என்ன செய்யப்போறாய்?"

"இவர் என்ர மகன் இல்லை எண்டு கையெழுத்து வைக்கிறன். ஐயாவுக்குக் காணி இருந்தா அதையும் எழுதித் தாறன்."

"இப்பிடியொரு தகப்பன் எனக்கு முதலே கிடைச்சிருக்கக் கூடாதோ" எண்டு போட்டு, பின்னால நிண்ட ஆக்களைப் பாத்துச் சத்தம் போட்டார்: "எல்லாரும் வரிசையில வாங்கோ! தம்பிமார், தங்கச்சிமார், அப்பாவை நெருக்காதேங்கோ!"

கையெழுத்து வைச்சன், வைச்சன், விரல் பேனையோட ஒட்டிப்போற அளவுக்கு வைச்சன். பிள்ளையளை ஒவ்வொண்டா இல்லை எண்டு சொன்னன். அதுகள் ஒவ்வொண்டும் கும்பிட்டுப்போட்டுச் சந்தோசமாப் போச்சுதுகள்.

அம்மாவின்ர முறை வந்தது. கொண்டைமாலை எல்லாம் வைச்சு வந்திருந்தா, ஆரோ பெரிய அதிகாரியிட்டக் கெஞ்ச வேணும் எண்டு நினைச்சு. கதிரையில என்னைக் கண்டோடன வாயைப் பொத்தினா. மெசின் கேட்டது: குடுப்பவருக்கும் பெறுபவருக்கும் என்ன உறவு? பாட்டன், பேத்தி எண்டு அடிச்சன். குடுப்பவர் வயசு இருபத்தாறு, பெறுபவர் வயசு அறுபத்தொண்டு. மெசின் ஒண்டும் சொல்லேல்ல. அது எங்கட குழு செய்த மெசின், மரியாதை தெரிஞ்சது. இருவரும் சேந்து படம் எடுக்க வேணும் எண்டுது, மூத்தவர் இருக்க, இளையவர் பின்னால நிக்க. நான் இருந்தன், அம்மா பின்னால நிண்டா. என்ர தோளில கையை வைச்சா. "பயப்பிடாதடா, நேரா பாரு" எண்டு காதுக்குள்ள சொன்னா.

அந்தப் படத்தோடதான் உறுதி அச்சடிச்சு வந்தது. அதுதான் இப்ப உங்கட அலுமாரிக்குள்ள இருக்கிறது.

எல்லாரும் போனாப் பிறகு, நான் ஒளிச்சு வைச்சிருந்த பட்டனை வெளிய எடுத்தன். தகப்பன் பேர் தெரியாட்டி வெறுமையா விடு எண்டு போட்டு, எல்லாத்தையும் திரும்ப ஓட விட்டன். எஞ்சின் நியூட்ரலுக்கு வந்தது.

அடுத்த நாள் எல்லாரும் சுகமாகி வந்திச்சினம். பணிப்பாளர் திரையை மேலயும் கீழயும் உருட்டித் தேடினார். ஒரு பிள்ளைகூட இல்லை. "ஒண்டைத்தன்னும் விட்டிருக்கலாமே, தம்பி" எண்டார், கோவமில்லாம. பின்னேரம் கோவம் வந்திட்டுது. பணிப்பாளரின் பிள்ளைகளை அனுமதியின்றி இல்லாமல் ஆக்கியமை எண்டு என்னில குற்றம் எழுதினவை. ஒப்பந்தம் புதுப்பிக்கேல்ல. நான் ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு இஞ்ச வந்து சேந்தன்.

இப்ப அவை என்ன சொல்லி வருவினம் எண்டு நான் விசாரிச்சிட்டன். அண்டைக்குக் குடுத்த உறுதியளை அவையால பிழை எண்டு சொல்ல ஏலாது. சொன்னா டிபோல்ட் பிழை எண்டு வரும், டிபோல்டில அவையின்ர கையெழுத்து எல்லாம் இருக்கு. அதால வேற வழி பிடிச்சிருக்கினம். வீரபாகு முப்பத்தொண்டில பிறந்தவர், அவற்ற தகப்பன் எப்பவோ செத்திருக்க வேணும், செத்தவர் உறுதி குடுக்க ஏலாது, ஆனபடியால் உறுதியைத் திருப்பித் தாங்கோ. குடுத்தவர் உயிரோட இருக்கிறார் எண்டு காட்டினா மட்டும் விடுவினமாம்.

அத்தான், நீங்க படலையைத் திறவாதேங்கோ. உறுதியைக் கையில குடாமப் படத்தை மட்டும் காட்டுங்கோ. "வீரபாகுவின்ர தகப்பன் எங்க?" எண்டு கேப்பினம். சிரிக்காமச் சொல்லுங்கோ: "உயிரோட இருக்கிறார். போலந்தில கோழி வெட்டுறார். ஒப்பந்தம் முடியத்தான் வருவார்." நம்பாட்டி வீடியோவில எடுங்கோ, நான் தொப்பியைக் கழட்டிப்போட்டு வாறன்.

அம்மாவைப் பக்கத்தில நிப்பாட்டுங்கோ, ஆனா இப்பவே பழக்கி வையுங்கோ. என்ர முகத்தைக் கண்டோடன அவவுக்கு வாயில வாறது ஒண்டே ஒண்டுதான், அது மட்டும் வந்திடக் கூடாது. "சாப்டியாடா" எண்டு கேக்கக் கூடாது. "சாப்டீங்களா தாத்தா" எண்டு கேக்கச் சொல்லுங்கோ.